ஆணிவேரை அறுத்த அக்கா

கருமாதிக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கு வணக்கம். என் அக்கா இந்த மலையின் அரியூர் நாட்டில் பிறந்து வாழவந்தி நாட்டில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னார்கள். எனக்கு அழகாக எழுதத் தெரியாது. பொய் எழுதவும் தெரியாது. இரண்டாவது கொஞ்சம் தெரியும்.

கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் அக்காவுக்குக் குழந்தை இல்லை. அப்போதுதான் சுவர் வெடிப்பில் முளைத்திருந்த ஆலமர வகையைச் சேர்ந்த ஓர் இச்சிக் கன்றை எடுத்துவந்தார். ஆணிவேரை அறுத்தார். பக்கவேர்களைத் தட்டைக்கல்லின்மேல் விரல் விரித்தாற்போலப் பரப்பி, வாழைநாரால் கட்டி, சட்டியில் வைத்து மண் மூடினார். மழைக்கு மழை மேல்மண்ணைக் கொஞ்சம் கழுவி விடுவார். வெளிச்சம் பட்டால் வேர் தடிக்கும் என்பார். மூன்றாம் வருஷம் அந்தச் சாண் மரம், கோழி கால் ஊன்றியதைப் போல நின்றது.

அக்காவின் மாமியார் ஊரைக் கூட்டிவிட்டார்.

"ஆணிவேரை அறுத்தவ ஊட்ல வம்சம் எப்படீங்க நிக்கும்? அதைத் தூக்கி எறியச் சொல்லுங்க. இல்லீன்னா அவ அப்பன் ஊட்டுக்குப் போவட்டும். என் மவனுக்கு வேற பொண்ணு பாக்கறேன்."

ஊர்க்கவுண்டர் அக்காவைப் பார்த்தார். "நீ என்ன கண்ணு சொல்றே?"

"புடுங்கிப் பாருங்க சாமி. கையோட வந்துட்டா நானும் இப்பவே கெளம்பிர்றேனுங்க."

கவுண்டர் தண்டைப் பிடித்து இழுத்தார். சட்டிதான் மேலே வந்தது. உதறினார். வேட்டியெல்லாம் மண். மரம் அசையவில்லை.

"நல்லா இழுங்க!" என்றார் மாமியார்.

அக்காவின் வீட்டுக்காரர் சொன்னார்: "போதும், வுடுங்க. சட்டி ஒடைஞ்சா எங்கம்மா புதுசு வாங்கித் தரமாட்டா."

கூட்டமே சிரித்தது. அக்காவை யாரும் அனுப்பவில்லை.

நார்தான் மரத்தைக் காப்பாற்றியது என்று இன்றும் சிலர் சொல்கிறீர்கள். நார் முதல் மழையிலேயே மக்கிவிட்டது. கல்லைப் பிடித்தது வேர்.

அதன் பிறகு அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது என்று எழுதினால் இந்த நினைவு மலருக்கு நன்றாக இருக்கும். பிறக்கவில்லை. அதற்காக அந்த வீட்டை விட்டு அவர் ஒருநாளும் இறங்கவுமில்லை. அதே மாமியாருக்குக் கடைசிக் கஞ்சி ஊட்டியவரும் அவர்தான்.

படுக்கையில் கிடந்த அக்காவைத் தூக்கி உட்காரவைத்த ஓரகத்திக்கும், மலையேறி வந்து துக்கம் கேட்ட எல்லோருக்கும் நன்றி. பிள்ளையில்லாதவளுக்கு யார் மண் போடுவார் என்று காதோடு காதாகப் பேசியவர்களுக்கும் நன்றி. முதல் பிடி மண் நான் போட்டேன். பெண்பிள்ளை போடலாமா என்று கேட்க நினைப்பவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள். களி கிண்டி வைக்கிறேன். தின்றுவிட்டுத் தெம்பாகக் கேளுங்கள்.