பருத்திக்கொட்டையின் சத்தம்

மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பருத்திச் சுளையை உருவி, பஞ்சை விலக்கி, கொட்டையைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார் ராமக்காள். டக்கென்று சத்தம் வந்தால் பருத்தி காய்ந்திருக்கிறது. மூட்டை தராசுக்குப் போகும். சத்தம் வராவிட்டால் ஈரம். அரூர் பக்கம் எங்கள் கூட்டுறவுப் பருத்தி அரவைக் கொட்டகையில் பதினான்கு வருஷமாக இதைப் பார்க்கிறேன். வலது பக்கப் பல் உடைந்த பிறகு இடது பக்கம் கடிக்கிறார். ஈரம் காட்டும் மீட்டர் ஒன்று ஆபீசில் உண்டு. “அதுக்குப் பேட்டரி வாங்கணுங்க. எனக்கு வெத்தல போதும்” என்பார்.

நூறு மூட்டை சேர்ந்தால்தான் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் மெஷினை ஓட்டுவோம். பத்து மூட்டைக்கு ஓட்டினாலும் கரண்டுக்கும் ஆளுக்கும் ஏறக்குறைய அதே செலவு. கொட்டை விற்ற காசில்தான் அந்தச் செலவும், பருத்தியில் தூசி பொறுக்கும் எங்கள் கூலியும். ஈரக்கொட்டை மெஷினில் நசுங்கினால் பஞ்சில் கறை ஏறும். எல்லார் பஞ்சும் ஒன்றாகக் கலந்து போவதால், ஒருவர் ஈரத்துக்கு எல்லாருக்கும் விலை குறையும்.

இந்த வருஷம் பலர் காட்டுக்கே வரும் வியாபாரியிடம் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் நூறு சேராவிட்டால் இந்த சீசனுக்குக் கொட்டகையைப் பூட்டிவிடுவது என்று குழு முடிவு செய்தது. வியாழன் வரை தொண்ணூற்றிரண்டு. வெள்ளிக்கிழமை காலை ராமக்காளின் தம்பி நஞ்சப்பன் டெம்போவில் பத்து மூட்டை கொண்டுவந்தார். செயலாளர் இளம்பரிதிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ராமக்காள் கடித்தார். சத்தமில்லை. இன்னொரு மூட்டை. அதிலும் இல்லை.

“தண்ணி தெளிச்சியாடா?”

“பனிதான்க்கா.”

“பனி மேல படும். கொட்ட எப்பிடிடா நனையும்? தண்ணி விக்கணும்னா கொடத்துல கொண்டா, குடிக்கவாச்சும் ஆவும்.”

நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். இளம்பரிதி தணிந்த குரலில், “ராமக்கா, இன்னிக்கு ஒரு நாளு கண்டுக்காதீங்க. பூட்டிட்டா உங்களுக்கும்தான வேல இல்ல” என்றார்.

“போனா போவுதுங்க சார். மத்தவங்க தொண்ணூத்திரண்டு மூட்டயும் இதோட கெடணுமா?”

“வியாபாரிகிட்டயே போட்டுக்கறேன் போ” என்று நஞ்சப்பன் கயிற்றை எடுத்தார். அதற்குள் அக்கா களத்தில் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, முதல் மூட்டையை அவிழ்த்தாயிற்று. “அந்த முனையப் புடிடா.” முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பிடித்தார்.

பொழுது சாயும்போது ராமக்காள் ஒரு கொட்டையைக் கடித்தார். நாங்கள் கையை நிறுத்திக் காது கொடுத்தோம். சத்தமில்லை. அவர் துப்பிவிட்டு, பனி படாமல் பருத்தியை மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்தார்.

இன்று சனிக்கிழமை. கொட்டகைக்குள் தொண்ணூற்றிரண்டு மூட்டை இருக்கிறது. வெயிலில் பத்து.