எரியக் கூடாத பல்பு

கால் முறிந்து மூன்று வாரமாகப் பேருந்து ஓட்டுநர் வீட்டோடு கிடந்தார். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் பகல் நேரத்து வீட்டை அவர் முழுதாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முன்னறை அவர் மனைவியின் பட்டறை. மீன் தொட்டியின் மோட்டார், ஹீட்டர், விளக்கு என எது நனைந்து செத்தாலும் ஊரில் பாதிப் பேர் ‘மோட்டார் அக்கா’விடம்தான் ஓடிவருவார்கள். ஓட்டுநருக்கோ அது ஏதோ பொழுதுபோக்கு. மீனுக்கு மூச்சுவிடச் சொல்லிக்கொடுக்கிற உத்தியோகம் என்று டிப்போவில் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அறிவியல் டீச்சர் ஒருத்தி ஈரத் துண்டில் ஒரு காற்றுப் பம்பைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். தொட்டிக்கு மேலே பலகையில் இருந்த பம்ப், ஓடுகிற அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உப்புத் தண்ணீருக்குள் விழுந்துவிட்டதாம். அவள் வளர்ப்பது கடற்குதிரை. அதிலும் ஆண், நிறைசூலி. ஓட்டுநர் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். பெண் முட்டையை ஆணின் வயிற்றுப் பையில் போட்டுவிட்டுப் போய்விடும். சுமப்பதும் பெறுவதும் அப்பன் பாடு. முன்பு வளர்த்த இரண்டு அப்பன்கள் குட்டிகளோடு செத்துப்போயின. இது மூன்றாவது. இப்போது டீச்சர் வீட்டில் ஒரு வாளியில் கிடக்கிறது. டீச்சரின் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, காற்று கலக்கட்டும் என்று தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறாள். கடைகள் எல்லாம் பூட்டு. மனைவியிடம் இருந்த மாற்றுப் பம்புகளும் இரவல் போயிருந்தன.

“பிளக்ல போட்டுப் பாத்தீங்களா, டீச்சர்?”

“இல்லக்கா.”

மனைவி பம்பின் மூடியைக் கழற்றி மோந்து பார்த்தாள்; லேசாகக் கருகல் வாடை. அதே கேள்வியை இன்னும் மெதுவாகக் கேட்டாள்.

“ஒரே ஒரு தடவக்கா. ஓடுதான்னு பாக்கத்தான்.”

நனைந்ததைக் கொண்டுவருகிற அத்தனை பேரும் செய்கிற தப்பு அது. அத்தனை பேரும் சொல்கிற பொய்யும் அதுதான். நல்லவேளையாக ஃப்யூஸ் மட்டும் போயிருந்தது. மனைவி திட்டவில்லை. உள்ளே இருந்த சர்க்யூட் அட்டையை எடுத்தாள், ஒரு கிண்ணம் நிறைய உப்பே இல்லாத பேட்டரித் தண்ணீரை ஊற்றினாள், அட்டையை அப்படியே முக்கிவிட்டாள்.

ஓட்டுநர் எக்கிப் பார்த்தார். ஏற்கெனவே நனைந்ததை மறுபடியும் நனைக்கிறாளே, புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டேவிட்டார். தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு உள்ளேயே உட்கார்ந்து அரிக்கும், உப்பைத் தின்றது தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும் என்றாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். பழைய பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு பற்றவைப்பையும் தேய்த்தாள். தண்ணீரை மூன்று தடவை மாற்றினாள். கடைசியில் ஸ்பிரிட்டில் கழுவி மின்விசிறிக்கு முன்னால் நிறுத்தினாள். அரிசிக்குள் புதைத்தால் சீக்கிரம் காயாதா என்று டீச்சர் கேட்டதற்கு, அரிசியைச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

ஒரு மணி நேரம் போனது. இரண்டும் போனது. வீட்டிலிருந்து அம்மா போன்மேல் போன்: கை ஓஞ்சுபோச்சு, குதிரை அடியிலேயே கிடக்கு. டீச்சர் கையைப் பிசைந்தாள். அட்டை பார்க்கப் பளிச்சென்று காய்ந்திருந்தது. போட்டுத்தான் பாரேன் என்று ஓட்டுநரும் சொன்னார்.

“சிப்புக்கு அடியில இன்னும் ஈரம் இருக்கும். இப்பப் போட்டா மிச்ச உயிரும் போயிரும்.”

டீச்சர் அழுதேவிட்டாள். மனைவியின் கை அப்போதும் ஸ்விட்சுப் பக்கம் போகவில்லை. நாற்பது பயணிகள் ஹாரன் அடிக்கச் சொல்லிக் கத்தும்போது, தான் இப்படி அசையாமல் இருந்ததுண்டா என்று ஓட்டுநர் யோசித்துப் பார்த்தார். இல்லை.

மூன்று மணி நேரம் கழித்துப் புது ஃப்யூஸ் போட்டு, பம்பை ஒரு குண்டு பல்பு வழியாக இணைத்தாள். உள்ளே கோளாறு மிச்சமிருந்தால் பல்பு பளீரென்று எரியும், எரியாவிட்டால் பிழைத்தது. ஸ்விட்சைத் தட்டினாள். விளக்கு எரியக் கூடாதே என்று மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்த வீட்டில் அன்றுதான் நடந்தது. பல்பு இருட்டாகவே இருந்தது. பம்ப் உறுமியது.

தானே வந்து மாட்டித் தருவதாக மனைவி கிளம்பினாள். கட்டுப்போட்ட காலோடு ஓட்டுநரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். ஏன் என்று அவரையே கேட்டாலும் தெரியாது.

வாளிக்குள் குமிழ்கள் எழுந்த கொஞ்ச நேரத்தில் அடியில் கிடந்த அப்பன் வாலைப் பிரித்து நிமிர்ந்தது. வயிறு ஒரு தடவை மடங்கி விரிந்தது. நூல் துணுக்குகளாக என்னவோ வெளியே தெறித்தன. ஓட்டுநர் குனிந்து உற்றுப் பார்த்தார். ஒவ்வொரு துணுக்குக்கும் குதிரை முகம், சுருண்ட வால், இரண்டு கண். பத்து, ஐம்பது, அப்புறம் எண்ண முடியவில்லை.  டீச்சரின் அம்மா வீங்கிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மனைவி குட்டிகளைப் பார்க்கவில்லை. சூடேறுகிறதா என்று பம்பின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி அதன் ஓட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் வாளியை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீ என்ன வேல பாக்குறேன்னு இத்தன வருஷமா எனக்குத் தெரியவே இல்லயே.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“நீங்க கேட்டதே இல்லையே.”