நிறுத்தினாலும் நிற்காத எஞ்சின்

பேய்க் கதை என்று நினைத்துப் படிக்க உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விடுங்கள். இது கதை இல்லை. அல்லாஹ் மேல் ஆணையாக, 1997 நவம்பரில், திருப்பூர் நல்லூரில், வெளிச்சம் இருக்கும்போதே எனக்கு நடந்தது. "டீசல் புகை மண்டைக்கு ஏறியிருக்கும் பாய்" என்று டாக்ஸி ஸ்டேண்டில் சிலர் இன்றும் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். அன்றைக்கு அந்த ஷெட்டுக்குள் நின்றது அவர்கள் இல்லை.

என் பெயர் கியாசுதீன். டாக்ஸி ஓட்டுகிறேன். அப்போது என்னிடம் இருந்தது ஒரே ஒரு பெட்ரோல் அம்பாசடர். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படி ஆகவில்லை. எல்லோரையும் போல நானும் டீசல் எஞ்சினுக்கு மாறினேன். மெக்கானிக் பொங்கியண்ணன்தான் எங்கிருந்தோ ஒரு பழைய எஞ்சினைக் கொண்டுவந்து பூட்டிக் கொடுத்தார்.

"எந்த வண்டியோடதுங்கண்ணா?" என்று கேட்டேன்.

"நல்ல எஞ்சினுங்க பாய். ஓட்டிப் பாருங்க" என்றார். நான் கேட்டதற்குப் பதில் அது இல்லை. அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

நன்றாகத்தான் ஓடியது. ஆனால் சவாரி ஏறுகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் கண்ணாடியை இறக்கச் சொல்வார்கள். வண்டிக்குள் புகை வாசனையே இருக்காது. ஆனாலும் மூச்சு முட்டுகிறது என்பார்கள். இன்னொரு குறை, அதை நிறுத்துவது. டீசல் எஞ்சினை நிறுத்த டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டாப் கேபிளை இழுக்க வேண்டும். இழுப்பேன். உடனே நிற்காது. நம் பேச்சைக் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நிற்பது போல நிற்கும்.

சம்பவம் நடந்ததற்கு மறுநாள் வண்டிக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சோதனை. புகை டெஸ்ட் சர்டிஃபிகேட் இல்லாமல் போனால் ஆர்.டி.ஓ. ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எஃப்.சி. முடியாத டாக்ஸியை ரோட்டில் விட முடியாது. வண்டி ஓடாவிட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தக் கவலையோடுதான் நல்லூரில் இருந்த டெஸ்ட் ஷெட்டுக்குப் போனேன். அதை நடத்தியவர் அப்புசாமி.

மாலை நாலரை மணி. நல்ல மழை. சாரல் மெஷின் மேல் அடிக்கிறது என்று வண்டியை உள்ளே விடச் சொல்லி, ஷட்டரைப் பாதி இறக்கினார்.

அப்புசாமிக்கு ஒரு பழக்கம் உண்டு. மெஷின் குழாயை சைலன்சரில் செருகும் முன், சைலன்சர் வாயில் வெள்ளை பனியன் வேஸ்ட், அதாவது கம்பெனிக் கழிவுத் துணி ஒன்றைக் கட்டி ஒரு தரம் ரேஸ் செய்யச் சொல்வார். துணி ரொம்பக் கறுத்தால் மெஷினைத் தொடவே மாட்டார், வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். பனியன் வேஸ்ட்டுக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்? ஷெட் மூலையில் ஒரு மூட்டையே கிடந்தது.

"ரேஸ் குடுங்க பாய்!"

மிதித்தேன். விட்டேன். துணியை அவிழ்த்தவர் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"என்னங்கண்ணா, கறுத்திருச்சுங்களா?"

"எறங்கி வந்து பாருங்க."

எஞ்சினை ஓடவிட்டு இறங்கிப் போனேன். துணியில் கரி வட்டமாகத்தான் படியும். இதில் ஒரு மூக்கு இருந்தது. அதற்குக் கீழே உதடுகள். மூடிய வாய்.

"யாரோ மூஞ்சி தொடச்ச துணியாட்ட இருக்குதுங்க" என்றேன்.

"இப்பத்தானுங்க மூட்டையில இருந்து எடுத்தேன்."

வேறு துணி கட்டினார். மறுபடி மிதித்தேன். மறுபடி இறங்கிப் பார்த்தேன்.

அதே மூக்கு. இந்தத் தரம் வாய் திறந்திருந்தது.

அப்போதுதான் எஞ்சின் சத்தம் ஏறியது... நாங்கள் இருவரும் வண்டிக்குப் பின்னால் நிற்கிறோம். டிரைவர் சீட்டில் யாரும் இல்லை.

ஓடிப்போய் ஸ்டாப் கேபிளை இழுத்தேன். நிற்கவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். கேபிள் கையோடு வந்துவிட்டது. சத்தம் இன்னும் ஏறியது. கரும்புகை. மேலே எரிந்த டியூப் லைட் தெரியவில்லை.

"ஷட்டரைத் தூக்குங்க பாய்!" அப்புசாமி கத்தினார்.

திரும்பினேன்.

கட... கட... கட...

ஷட்டர் தானாக இறங்கிக்கொண்டிருந்தது.

டமார்!

குனிந்து தூக்கினேன். அசையவில்லை. வெளியே மழை. உள்ளே எஞ்சினின் அலறல்.

என் முகத்தில் துணி விழுந்தது.

விழவில்லை. யாரோ பின்னாலிருந்து வைத்து அமுக்கினார்கள். துணிக்கு மேல் ஒரு உள்ளங்கை. தாடைக்கு அடியில் கட்டை விரல்.

அப்புசாமிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் குரல் பானட் பக்கமிருந்து கேட்டது.

அப்படியானால் இந்தக் கை...

கலிமா சொல்ல வாயைத் திறந்தேன். துணி வாய்க்குள் வந்தது.

மூச்சு இல்லை.

கண் இருட்டியது...

ஏர் ஃபில்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எஞ்சின் காற்று இழுக்கும் ஓட்டையில் கைக்குக் கிடைத்த வேஸ்ட்டையெல்லாம் திணித்தாராம் அப்புசாமி. எஞ்சின் ஒரு தரம் இழுத்தது. இன்னொரு தரம்... நின்றது.

அந்த நொடியே கை விலகியது. ஷட்டரைத் தொட்டதும் லேசாக மேலே போனது. மழையில் விழுந்து வாந்தி எடுத்தேன்.

"இந்த வண்டியை இனி எம்பட ஷெட்டுப் பக்கம் கொண்டாராதீங்க" என்றார் அப்புசாமி. சர்டிஃபிகேட் கிடைக்கவில்லை. எஃப்.சி.யும் போனது.

மறுநாள் பொங்கியண்ணன் சட்டையைப் பிடித்தேன். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். அது வண்டி எஞ்சினே இல்லை. ஒரு பனியன் கம்பெனியில் ஜெனரேட்டர் ஓட்டிய எஞ்சின். ஜெனரேட்டர் ரூமில் புகை சூழ்ந்து முதலாளியும், ஆத்தப்பன் என்ற ஆபரேட்டரும் செத்துப்போனார்கள். விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள்.

"விபத்துதானுங்களே?" என்றேன்.

பொங்கியண்ணன் கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கதவை ஒடைச்சது நாந்தானுங்க பாய். உள்தாப்பா போட்டிருந்துச்சு. மொதலாளி செத்து வெகுநேரம் ஆயிருந்துச்சுங்க. அவரு மூஞ்சியில வேஸ்ட் துணிய அமுக்கிட்டு, நெஞ்சு மேல ஆத்தப்பன் உக்காந்திருந்தான். அவனுக்கு உசுரு இருந்துச்சு... வெளிய வாடான்னு கையப் புடிச்சு இழுத்தனுங்க. வரல. என்னைய நிமுந்து பாத்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான்."

"என்னன்னு?"

"'கதவைச் சாத்துங்க'ன்னானுங்க."