ஒன்பது ஸ்க்ரூவும் ஒரு மேதாவியும்

என் அக்கா வீட்டுக்காரர் தச்சர். லாரியிலிருந்து இறக்கும்போது கதவு நிலை சரிந்து விழுந்ததில் அவருடைய வலது கணுக்கால் நொறுங்கிப்போனது. டாக்டர் ஐந்து மணி நேரம் போராடி, சில்லு சில்லாகக் கிடந்த எலும்பைச் சேர்த்து, ஒரு தகடும் ஒன்பது ஸ்க்ரூவும் வைத்து முடுக்கினார். எலும்பு கூடும்வரை, மூன்று மாதம் காலை ஊன்றவே கூடாது என்றார்.

காலுக்குக் கட்டுப் போட்டதும் நம் மேதாவியின் வாய்க்கு விடுதலை கிடைத்துவிட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்காட்டிப் பாடம் நடத்தினார்.

"இதைப் பாரு, ஸ்க்ரூவைக் கோணலா இறக்கியிருக்கான் டாக்டர். ஆனா பிடிப்பு இருக்கு. ஒன்பது ஸ்க்ரூ தாங்காதா? நான் மாட்டுன கதவு ஒண்ணாவது கழண்டிருக்கா?"

ஐந்தாவது வாரம் ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினார். வாசற்படி தாண்டவில்லை, சுருண்டு விழுந்தார். தகடு வளைந்து இரண்டு ஸ்க்ரூ முறிந்திருந்தன. மறுபடி ஆபரேஷன், மறுபடி மூன்று மாதம்.

கண் விழித்ததும் ஐயா சொன்ன முதல் வார்த்தை, "அந்த டாக்டருக்கு வேலை சுத்தமில்ல."

அக்கா தண்ணீர் டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"நீங்க ஒட்டிக் குடுத்த நாற்காலியில பசை காயறதுக்குள்ள உக்காந்து உடைச்சாரே பக்கத்து வீட்டுக்காரர், அவரை என்ன சொன்னீங்க? 'ஸ்க்ரூ சும்மா பிடிச்சுக்கத்தான், ஒட்டுறது பசைதான், காயற வரைக்கும் பொறுக்க மாட்டியா, மடையா'ன்னு தெருவே கேக்கக் கத்துனீங்க. டாக்டரும் அதையேதான் சொன்னார். மடையான்னு மட்டும் சொல்லல."