சாக்சன்களுக்கு ஒரு துபாஷி

சென்னையிலிருந்து பதிப்பக ஆசிரியர் போன் செய்தபோது நான் குடைமிளகாய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆறு வருஷமாக எழுதிய நாவல் அவரிடம் இருந்தது. இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரைக் கிராமம். சாக்சன்கள் உழுது பிழைக்கிறார்கள். கப்பலில் வைக்கிங்குகள் வந்து இறங்குகிறார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க சண்டை. அவ்வளவுதான் கதை. நன்றாக வந்திருக்கிறது என்றுதான் அவர் ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரே ஒரு சிக்கல்ங்க. கோட்டை வாசல்ல நின்னு வைக்கிங் தலைவன் கத்துறான். உள்ளேர்ந்து சாக்சன்காரன் பதில் சொல்றான். புத்தகம் பூரா இப்படியே பேசிக்கிறாங்க. எந்த மொழியில பேசுறாங்க?"

கத்தி நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஆறு வருஷத்தில் அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"ஒருத்தன் கடலுக்கு அந்தப் பக்கம், ஒருத்தன் இந்தப் பக்கம். நடுவுல ஒரு துபாஷி வேணாமா? ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தருக்கு மாத்திச் சொல்ல ஒரு ஆள்? இதைச் சரிபண்ணிக் குடுங்க, போட்டுடலாம். இல்லேன்னா கஷ்டம்தான். ரெண்டு மாசம் வெச்சுக்கங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. தப்பு என்னுடையதும் இல்லை, இந்த ஊருடையது. நான் பிறந்தது சிங்காரப்பேட்டை, வாக்கப்பட்டது பாகலூர். இங்கே வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ், நாலு மைல் போனால் கன்னடம். குடைமிளகாய் ஏற்ற வரும் டிரைவர் கன்னடத்தில் கேட்பார், தோட்டத்து ஆள் தமிழில் பதில் சொல்வார், இரண்டு பேருக்கும் சேர்த்து என் கணவரின் அண்ணன் தெலுங்கில் திட்டுவார். யாரும் யாரையும் 'என்ன சொன்னீங்க' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஆள் புதுசு என்றால் மொழியும் புதுசு, அதற்கென்ன? அந்த நினைப்பிலேயே ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எதிரிகளையும் பேசவிட்டிருக்கிறேன்.

வைக்கிங் எனக்கு எங்கிருந்து வந்து சேர்ந்தான் என்று கேட்பீர்கள். எல்லாம் கம்பெனி கேன்டீனிலிருந்துதான். ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். புது மிஷின் பூட்டுவதற்காக டென்மார்க்கிலிருந்து ஒருவரும் இங்கிலாந்திலிருந்து ஒருவரும் வந்திருந்தார்கள். டென்மார்க்காரர் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிக்கிற நெட்டை மனிதர். ஒருநாள் பக்கத்தில் இருந்தவரைக் காட்டி, "எங்க ஆளுங்கதான் இவங்க ஊரைக் கொளுத்தினவங்க" என்றார், எங்கள் தாத்தாவுக்கு ஒரு டிராக்டர் இருந்தது என்று சொல்வதைப்போல. இங்கிலாந்துக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "கொளுத்திட்டு அங்கேயே தங்கிட்டாங்க" என்றார்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, எங்க பொண்ணுங்களையே கட்டிக்கிட்டாங்க."

எனக்கு ஒரு விஷயம் பாதியில் நின்றால் சோறு இறங்காது. கொளுத்தினவனுக்கு எப்படிப் பெண் கொடுத்தார்கள்? கொடுத்தார்களா, அவர்களே எடுத்துக்கொண்டார்களா? மறுநாள் அந்த வீட்டில் அடுப்பை யார் பற்றவைத்தது? கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் பதில் கிடைக்காத இடங்களை நானே எழுத ஆரம்பித்தேன். "உனக்கு எதுக்குடி இந்த வெள்ளைக்காரன் பஞ்சாயத்து?" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்டுக்கொண்டே இருப்பாள். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும், "அந்தக் கப்பல் என்னாச்சு?" என்று முதலில் கேட்பதும் அவள்தான்.

ஆசிரியர் போனை வைத்ததும் மறுபடி தேட உட்கார்ந்தேன். சாக்சன்களுக்கும் வைக்கிங்குகளுக்கும் ஒருவர் பேச்சு ஒருவருக்கு ஓரளவு புரிந்திருக்கும் என்றே பலர் எழுதியிருந்தார்கள். அவ்வளவு லேசில்லை என்பவர்களும் உண்டு. எக், நைஃப், விண்டோ எல்லாம் வைக்கிங் கொண்டுவந்த சொற்களாம். ஹஸ்பெண்ட் என்பதும் அவன் கொண்டுவந்ததுதானாம். கப்பலில் கோடாலியோடு அதையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான் பாருங்கள்! விழுந்து விழுந்து சிரித்தேன். என் கணவரிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

புத்தகத்தில் இருப்பதை ஆசிரியரிடம் சொன்னால் போதாது, கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு வந்தது. ஒரு வாரம் கையில் நோட்டு வைத்துக்கொண்டேன். என் எதிரில் யாராவது ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாமல் மூன்றாவது ஆள் தேவைப்பட்டால் குறித்துக்கொள்ள வேண்டும். பாகலூர் கூட்டு ரோட்டில் இரண்டு பைக் உரசிக்கொண்டதை முழுசாக நின்று பார்த்தேன். தமிழில் தொடங்கிய சண்டை, அப்பனை இழுத்தபோது கன்னடத்துக்குப் போனது. எந்த ஊர் என்று கேட்டபோது தெலுங்குக்கு வந்தது. கடைசியில் ஒருவன் அத்தைக்கு இன்னொருவன் அத்தை ஓரகத்தி என்று தெரிந்து இருவரும் டீக்கடைக்குள் போய்விட்டார்கள். கம்பெனியில் ஒடிசாப் பையன்கள்கூட ஆறே மாசத்தில் எங்கள் சூப்பர்வைசரைத் தமிழில் கிண்டலடிக்கிறார்கள். நோட்டு காலியாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணவரின் அண்ணன் தோட்டத்து வேலிப் பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார். "அந்த ஆள்கிட்ட சொல்லு. பைப்பு வழியில பைக்க நிறுத்தினா நான் தள்ளி விட்டுருவேன்னு."

நான் வீட்டுக்குள் போய்க் கணவரிடம் சொன்னேன். "மாமா சொன்னாருங்க. பைக்கு வெயில்ல நிக்குதாம், இந்தப் பக்கம் நிழல்ல விட்டுக்கச் சொன்னாரு."

"அவருக்கு எதுக்கு இந்தக் கரிசனம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போய் பைக்கை நகர்த்தினார்.

அப்போதுதான் உறைத்தது. நோட்டை எடுத்து முதல் வரியை எழுதினேன். ஒரே வாசல், ஒரே தாய்ப்பால், ஒரே தெலுங்கு. இந்த இரண்டு பேருக்கு நடுவில்தான் துபாஷி, அந்த துபாஷியும் நான்தான். தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று நாலு வருஷம். என் மாமியார் இறந்த அன்று நின்றது. எங்களில் தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைக்க வேண்டும். என் கணவர் கம்பெனி வேலையாகச் சென்னை போயிருந்தார். செய்தி கேட்டுக் கிளம்பியவர் வழியில் லாரி கவிழ்ந்து மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டார். இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் நெருக்கினார்கள். அண்ணன் காத்திருக்காமல் எடுத்துவிட்டார், கொள்ளியையும் அவரே வைத்தார். இவர் வந்து இறங்கியபோது சுடுகாட்டில் பாதி எரிந்துவிட்டிருந்தது. "கொஞ்ச நேரம் பொறுக்க முடியலையா?" என்று இவர் கேட்டதும், "பொறுக்கிற பொழுதாடா அது?" என்று அவர் சொன்னதும்தான் கடைசிப் பேச்சு. அண்ணனின் மனைவி, "எனக்கு எதுக்கும்மா இந்த வம்பு" என்று அன்றைக்கே கழன்றுகொண்டார். நான்தான் மாட்டினேன்.

ஆனால் எனக்குக் கேட்டதைக் கேட்டபடி சொல்ல வராது. சொன்னால் வெட்டுகுத்து ஆகிவிடும். அதனால் கொஞ்சம் கழுவி, கொஞ்சம் உப்புப் போட்டு, வேகவைத்துத்தான் கொண்டுபோவேன். சில நாள் அங்கிருந்து ஒன்றுமே வராவிட்டாலும் நானே ஒன்று கொண்டுபோவேன். கணவர் ஜுரத்தில் படுத்திருந்தபோது, "மாமா சாப்டானான்னு கேட்டாரு" என்றேன். மாமியார் திவசத்தன்று அண்ணனிடம், "உங்க தோட்டத்து ரோஜாதான் வைக்கணும்னு அவரு சொல்றாரு" என்றேன். அவர் ஒரு கூடை பறித்துக் கொடுத்தார். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய் என்கிறார்கள். இதற்கு நாலு பொய் சொன்னால் என்னவாம்?

நாவலைத் திறந்தேன். வைக்கிங்கும் சாக்சனும் பழையபடி நேருக்கு நேர் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஆற்றங்கரைக் கிராமத்துக் காவலை இரண்டு சாக்சன் அண்ணன் தம்பிகளிடம் பிரித்துக் கொடுத்திருந்தேன். ஆற்றுக்கு இக்கரை ஒருவன், அக்கரை ஒருவன். இப்போது அவர்களுக்குள் பேச்சை நிறுத்தினேன். தம்பி மனைவியை ஓடத்தில் ஏற்றிச் செய்தி கொண்டுபோக வைத்தேன். அவள் ஓடத்திலேயே செய்தியை மாற்றுகிறாள். 'வந்தால் காலை உடைப்பேன்' அக்கரை சேரும்போது 'வரும்போது பார்த்து வா, வழி வழுக்குகிறது' என்று ஆகிறது. மூன்று அத்தியாயம் எழுதினேன். ஆனால் எதிரிப் படை ஆற்றைக் கடக்கும் நாளில் அவள் பொய் வெளிப்பட்டால் அண்ணன் தம்பிகள் என்ன செய்வார்கள்? எனக்குத் தெரியவில்லை. படித்த எதிலும் அது இல்லை. கெடு முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் அந்த அத்தியாயங்களைக் கேட்டார். அவர் நான் எழுதியதைப் படிப்பதே அபூர்வம். பிரிண்ட் எடுத்த தாள்களைக் கொடுத்துவிட்டு இட்லி ஊற்றப் போனேன். என் புத்தி எங்கே போயிருந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். முகத்துக்கு நேராகவே எழுதிவிட்டு, அது அவருக்குத் தெரியாது என்று எப்படி நினைத்தேன்?

சமையலறை வாசலில் தாள்களோடு வந்து நின்றார்.

"எனக்கு ஜுரம் வந்தப்ப அண்ணன் கேட்டாருன்னு சொன்னியே. கேட்டாரா?"

நான் இட்லித் தட்டையே பார்த்தேன்.

"கேட்டாராடி?"

அவர் முகம் சின்னப் பிள்ளை முகம்போல ஆகிவிட்டது. அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தையை அவர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தாள்களோடு விடுவிடுவென்று வேலியைத் தாண்டிப் போனார். அடுப்பை அணைத்துவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

அண்ணன் குடைமிளகாய்க்குப் போட்டிருந்த பாலிஹவுஸ் கூடாரத்து வாசலில் சொட்டுநீர்க் குழாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இவர் நேராகப் போய், "எனக்கு ஜுரம் வந்தப்ப, சாப்டானான்னு கேட்டியா நீ?" என்றார்.

அண்ணன் குழாயைக் கீழே வைத்தார். நாலு வருஷம் கழித்துத் தம்பி தன் முகம் பார்த்துப் பேசுகிறான் என்பது அவருக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. "இல்ல" என்றார். "நீ அம்மா திவசத்துக்கு எங்கிட்ட ரோஜா கேட்டியே?"

"நான் கேக்கல."

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கூடப் பிறந்தவர்கள் அல்லவா, முறைப்பது ஒரே மாதிரி இருந்தது. திட்டப்போகிறார்கள், திட்டட்டும், சேர்ந்து திட்டினால் நல்லதுதானே என்று உள்ளுக்குள் ஒரு கள்ளச் சந்தோஷம்கூட வந்தது எனக்கு.

அண்ணன் திட்டவில்லை. மெதுவாகக் கேட்டார். "அப்ப அன்னிக்கு? அம்மாவ எடுக்கிற அன்னிக்கு நீ சொன்னதும் உன் பேச்சுதானாம்மா?"

"என்ன சொன்னா?" என்றார் இவர்.

"நீ இன்னும் கிருஷ்ணகிரியே தாண்டலைன்னு. அங்கேர்ந்து நீ வந்து சேர்றதுக்குள்ள இருட்டிடும்னுதானே எடுத்தேன்."

"கிருஷ்ணகிரியா? சூளகிரி வந்துட்டேன்னுதானே நான் போன்ல சொன்னேன்!"

எங்கள் ரோட்டில் போனில் சொல்கிற ஊர் எப்போதும் ஓர் ஊர் முன்னால்தான் இருக்கும். அத்திப்பள்ளியில் நிற்பவன் ஓசூர் வந்துட்டேன் என்பான், ஓசூரில் நிற்பவன் பாகலூர் வந்துட்டேன் என்பான். கேட்கிறவர்களும் ஓர் ஊரைக் கழித்துக்கொண்டுதான் உலை வைப்பார்கள். அன்று போனை எடுத்தது நான். கிருஷ்ணகிரி தாண்டினால் வரும் சூளகிரி என்று இவர் சொன்னார். நான் ஓர் ஊரைக் கழித்தேன். வெளியே வந்து, கிருஷ்ணகிரி என்று அண்ணனிடம் சொன்னேன். தாயைப் பார்க்க வருகிறவன் அன்று ஒருநாள் உள்ளதை உள்ளபடி சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்தார் என்று அப்புறமும் நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்ததோ என்னவோ.

"சூளகிரின்னு தெரிஞ்சிருந்தா வெச்சிருந்திருப்பேன்டா" என்றார் அண்ணன். "பெரியவங்க என்ன கத்தினாலும் வெச்சிருந்திருப்பேன்."

"தெரியும்" என்றார் இவர்.

இருவரும் குழாய்ச் சுருள் மேலேயே உட்கார்ந்தார்கள். எத்தனை மணிக்கு எடுத்தீங்க, யார் யார் தூக்கினாங்க, அம்மா முகத்துல மஞ்சள் யார் பூசினது என்று இவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மஞ்சள் பூசியது நான்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"நீ உள்ள போ" என்றார் என் கணவர். கோபமாகச் சொல்லவில்லை.

நான் உள்ளே போனேன். எவ்வளவு அழுதேன் என்று எனக்கே தெரியாது.

நாவலின் கடைசி அத்தியாயத்தை அந்த வாரமே எழுதிவிட்டேன். எதிரி ஆற்றைக் கடக்கிற சத்தம் கேட்கும்போது அண்ணனும் தம்பியும் ஒரே கரையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஓடத்துக்காரி வீட்டுக்குள் இருக்கிறாள். ஆசிரியர் படித்துவிட்டுப் போன் செய்தார். துபாஷியை இப்படிக் கொண்டுவருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, புத்தகத்தைப் போட்டுவிடலாம் என்றார்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்ங்க. இவ்வளவு பண்ணியிருக்கா, அவளுக்குக் கடைசியில தண்டனையே இல்லையே?"

"இருக்குங்க" என்றேன். "நல்லாப் படிச்சுப் பாருங்க."