விடுவிக்க இயலாதவர்

அந்த மருத்துவமனையில் பயிற்சிக்கு அனுப்பப்பட ஒரு தகுதி வேண்டும். எந்தச் சுற்றறிக்கையிலும் அது இருக்காது. ஆள் இல்லாவிட்டாலும் வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

லேப் அக்காவிடம் அந்தத் தகுதி இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாகக் காசநோய்ப் பிரிவில் சளி மாதிரிகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர் அவர் ஒருவரே. ஒரு நாளைக்கு முப்பது ஸ்லைடு. ஒவ்வொன்றிலும் நூறு இடம் நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலிடத்திலிருந்து வந்து, அவர் பார்த்த ஸ்லைடுகளில் சிலவற்றை எடுத்துப்போய் மறுபடி பார்ப்பார்கள். ஒரு தவறும் அகப்பட்டதில்லை. தவறு செய்கிறவர்களுக்குத்தான் பயிற்சியில் முன்னுரிமை என்பதால், அந்த வழியும் அடைபட்டிருந்தது.

இதற்கிடையில் லேபுக்கு ஒரு புது இயந்திரம் வந்தது. சளியில் கிருமி இருக்கிறதா, மருந்துக்கு அடங்குமா என்று இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுமாம். பயிற்சி பெற்றவர்தான் அதைப் பிரிக்கலாம் என்று பெட்டி மேல் சீட்டு ஒட்டியிருந்தது. முதலில் ஸ்டோர்கீப்பரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி பெற்ற ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் தலைமை அலுவலகம் அவரை எடுத்துக்கொண்டது. அடுத்துப் போனவர் பதவி உயர்வில் வேறு பிரிவுக்குப் போனார். மூன்றாமவர் பயிற்சியில் இருந்தபடியே ஒரு ஃபெல்லோஷிப் வாங்கி மேல்படிப்புக்குப் போய்விட்டார். பெட்டி பிரிக்கப்படவில்லை.

இந்த ஆண்டும் சுற்றறிக்கை வந்தது. ஆறு வாரம், தங்குமிடம், உதவித்தொகை. வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு நாற்பத்தைந்து முடிய இரண்டு மாதம் இருந்தது. விண்ணப்பத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனார்.

"சார், இந்த வருஷம் விட்டா எனக்கு வயசு தாண்டிடும்."

"நீ போய்ட்டா ஸ்லைடு யாரும்மா பாப்பாங்க?"

"மெஷின் ஓடினா ஸ்லைடு பாதியா குறைஞ்சிடும் சார்."

"அதத்தான் நானும் சொல்றேன். மெஷின் ஓட ஆரம்பிக்கட்டும், அன்னிக்கே உன்ன அனுப்பிடறேன்."

"மெஷின ஓட்டத்தான் சார் பயிற்சி."

டாக்டர் விண்ணப்பத்தை ஓரமாகத் தள்ளினார். பிறகு மனதாரச் சொன்னார்: "உன்ன மாதிரி இன்னொரு ஆள் இருந்தா உன்ன எப்பவோ அனுப்பியிருப்பேன்மா." அதைப் பாராட்டு என்றே அவர் நம்பினார்.

விண்ணப்பத்தின் ஓரத்தில் 'விடுவிக்க இயலாது' என்று எழுதி, கிளார்க் அதைக் கோப்பில் கட்டினார். ஐந்தாவது முறையாக எழுதுகிறார். கை பழகியிருந்தது.

"அக்கா, நீங்க வேலைய ஒழுங்கா செஞ்சு கெடுத்துட்டீங்க. நாலு ஸ்லைட மாத்திச் சொல்லுங்க. அடுத்த பேட்ச்ல மொதப் பேரு உங்களுதுதான்."

"அந்த நாலு பேரு என்ன பண்ணுவாங்க?"

"சும்மா சொன்னேங்க்கா."

"நானும் சும்மாதான் கேட்டேன்."

அன்று கடைசியாக வந்த ஸ்லைடு மங்கலாக இருந்தது. நூறு இடம் பார்த்தும் ஒன்றுமில்லை. இல்லை என்று எழுதினாலும் யாரும் குறை சொல்ல முடியாது. அக்கா இன்னொரு நூறு பார்த்தார். மூன்று கிருமிகள் இருந்தன. எழுதிவிட்டு எழுந்தபோது கண்ணில் நீர் வழிந்து நிற்கவில்லை.

வீட்டில் கணவர் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். தையற்காரர். விண்ணப்பத்தின் கதையைக் கேட்டார்.

"உங்க ஆஸ்பத்திரியில என்னச் சேத்துவிடு. எனக்கு அங்க ஒரு வேலையும் தெரியாது. மாசம் ஒரு ஊரு பாத்துட்டு வந்துருவேன்."

"சிரிக்காதீங்க, எரிச்சலா வருது."

"எரிச்சல் மனசுலயா, கண்ணுலயா? நாலு மாசமா ஊசியில நூல் கோத்துத் தர மாட்டேங்கற. நாளைக்கு மொதல்ல கண்ணக் காட்டு."

கண் டாக்டர் நெடுநேரம் சோதித்தார். "ரெண்டு வாரம் மைக்ராஸ்கோப் பக்கமே போகாதீங்க. எழுதித் தரேன்."

அக்கா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். வாழ்க்கையில் அவர் பேரம் பேசியது காய்கறிக் கடையில்கூடக் கிடையாது. "ஆறு வாரமா எழுத முடியுமா டாக்டர்?"

"அது என்ன கணக்கு?"

அக்கா மறைக்காமல் சொன்னார்.

"அந்தப் பயிற்சியில கண்ண வச்சுப் பாக்கணுமா?"

"இல்ல டாக்டர். அது டப்பா மாதிரி இருக்குமாம். சளிய ஊத்தி மூடிட்டா அதுவே சொல்லிடுமாம்."

டாக்டர் சிரிக்கவில்லை. விளக்கைப் போட்டு இன்னொரு முறை பார்த்தார். "ஆறு வாரம் எழுதறதுல பொய் ஒண்ணும் இல்ல. போன வருஷமே எழுதியிருக்கணும்."

மறுநாள் பெரிய டாக்டர் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். "ஆறு வாரமா? அப்ப உன்ன வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?" என்று கிளார்க்கைக் கூப்பிட்டார்.

பத்தொன்பது ஆண்டுகளாக இல்லாத வழி மதியத்துக்குள் பிறந்தது. மருந்து கொண்டுவரும் வேன் காலியாகத்தான் திரும்புகிறதாம். அது போகும் ஊரின் மருத்துவமனையில் ஒரு நாளைக்கு ஐந்து ஸ்லைடு பார்த்துவிட்டுச் செய்தித்தாள் படிக்கும் டெக்னீசியன் ஒருவர் இருக்கிறாராம். ஸ்லைடுகளை வேனில் அவருக்கு அனுப்புவது என்று இரண்டே போன் பேச்சில் முடிந்தது.

"சார், பயிற்சிக்கு இன்னும் பேர் அனுப்பல. நாளைக்குக் கடைசி" என்றார் கிளார்க்.

"யாருய்யா இப்ப சும்மா இருக்கா?"

இருவரும் ஒரே நேரத்தில் அக்காவைப் பார்த்தார்கள்.

பயிற்சி நடந்த கூடத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாடம் எடுக்க வந்த பெண்ணுக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். ஆர்வமாகக் கேட்டாள்: "உங்க ஆபீஸ்ல எதுக்காக உங்களைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்திருக்கு மேடம். போற வரைக்கும் எங்க உக்கார வைக்கறதுன்னு தெரியாம அனுப்பிட்டாங்க."

"எனக்கும் எங்க டாக்டருக்கும் ஆகாது."

"நான் டிரைவருங்க. வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்குது."

அக்காவின் முறை வந்தது. "கண்ணு சரியில்ல" என்றார்.

அந்தப் பெண் பேனாவை மூடித் திறந்தாள். பிறகு, "இதுல லேப்ல வேலை பாத்தவங்க யாராவது..." என்று இழுத்தாள்.

ஒரே ஒரு கை உயர்ந்தது.

"அப்ப நீங்க முன்னாடி வந்து உக்காருங்கக்கா."

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவருக்கு வழிவிட டிரைவர் காலை மடக்கிக்கொண்டார்.