மார்கழியில் ஒரு கலியாணம்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் இருபது வருடங்களுக்கு மேல் குடும்பம் நடத்திய பிறகுதான், இந்த நாட்டின் கண்ணில் நானும் மனைவியும் கலியாணம் ஆகாதவர்கள் என்று எங்களுக்குத் தெரியவந்தது.

எங்கள் கலியாணம் இங்கே ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. ஐயர் வந்தார், மேளம் வந்தது, மண்டபம் கொள்ளாத சனம். கலியாணத்தைப் பதியும் அரசு அலுவலகமான பதிவுக் கந்தோரில் மட்டும் இலங்கையிலிருந்து பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். ஊரில் அப்போது சண்டை. பிறகு பார்ப்போம் என்று விட்டோம், விட்டது விட்டதுதான். பிள்ளைகள் பிறந்தபோது நான்தான் தகப்பன் என்று ஒரு கந்தோரில் கையெழுத்து வைத்தேன். எல்லாத் தகப்பன்மாரும் அப்படி வைப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

சம்பளத் துண்டில் எனக்கு வரி வகுப்பு ஒன்று என்று போட்டிருக்கும். முதியோர் இல்லச் சமையலறையில் அரைநாள் வேலை செய்த மனைவிக்கும் ஒன்று. தொழிற்சாலையில் கலியாணம் கட்டிய ஆட்கள் மூன்று, நான்கு என்று பேசிக்கொள்வார்கள். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, எங்கள் இரண்டு பேருக்கும் முதலாவது கிடைத்திருக்கிறதே என்று உள்ளுக்குள் பெருமை. கூச்சத்தில் யாரிடமும் கேட்டதில்லை.

கீழ்வீட்டுப் பிள்ளை ஒரு வரி ஆலோசகரிடம் வேலை செய்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஒரு கோடையில் ஏதோ விளங்காமல் எங்கள் சம்பளத் துண்டுகளை அவளிடம் காட்டினேன். அவள் ஒன்றைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள்.

“அங்கிள், நீங்கள் ரெண்டு பேரும் கலியாணம் கட்டேல்லையோ?”

தேத்தண்ணியோடு வந்த மனைவி சிரித்தாள். “என்ன பிள்ளை, பகிடியோ? உன்ர அம்மா வந்து வயிறு முட்டச் சாப்பிட்ட கலியாணம்.”

“அம்மா சாப்பிட்டது சரி அன்ரி. பதிவு இல்லையே.”

பிறகு அவள் ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். வகுப்பு ஒன்று என்றால் கலியாணம் கட்டாத ஆட்களுக்கு. பதிந்த தம்பதிகள் தங்கள் வருட வருமானத்தைச் சேர்த்தும் காட்டலாம், தனித்தனியாகவும் காட்டலாம். சேர்த்தால் இரண்டையும் கூட்டிப் பாதியாகப் பிரித்து, ஆளுக்குப் பாதி உழைத்ததுபோல் வரி போடுவார்கள். எங்களைப்போல் ஒருவர் கூடவும் மற்றவர் குறையவும் உழைத்தால் சேர்ப்பதுதான் நல்லது. வருடத்தின் கடைசி நாளில் பதிந்தாலும் போதும். அந்த வருடத்தின் முதல் நாளிலிருந்தே கணவன் மனைவி என்று வரிக் கந்தோர் எடுத்துக்கொள்ளும்.

நான் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சட்டம் என்றால் ‘இன்றிலிருந்து’ என்றுதான் பேசும் என்று நினைத்திருந்தவன் நான். அகதியாக வந்து, விசாவுக்கும் வேலைக்கும் வரிசையில் நின்று, அதைத்தான் படித்திருந்தேன். இந்தச் சட்டமோ நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மனைவிக்குச் சிலிர்க்கவில்லை. “அப்ப இவ்வளவு காலமும் நான் இந்த மனிசனுக்கு ஆர்?” என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மகளுக்கு வேறு நகரத்தில் படிக்க இடம் கிடைத்திருந்தது. வரியில் மிஞ்சுவது அவளுடைய அறை வாடகைக்கு உதவும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் வரவர அந்தக் கணக்கு பின்னுக்குப் போய், மனைவி மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் முன்னுக்கு நின்றது. சான்றிதழ்கள் இந்த முறை சிக்கலில்லாமல் வந்து சேர்ந்தன. அவள் தடுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. கடைசியில் பதிவுக் கந்தோரில் டிசம்பரில், நத்தார் பண்டிகைக்குப் பிறகுதான் ஒரு ரெர்மின், பதிவதற்கான நேரம், கிடைத்தது.

“மார்கழியிலயோ? மார்கழியில ஆராவது கலியாணம் கட்டுவினமோ? தை பிறக்கட்டும்,” என்றாள் மனைவி.

“தைக்குப் போனா இந்த வருசம் போயிடும் அன்ரி,” என்றாள் கீழ்வீட்டுப் பிள்ளை.

“போகட்டும். தாலி கட்டினவளுக்கு ரெண்டாம் கலியாணம் தேவையில்லை.”

அன்று பின்னேரம் மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவடியில் நின்று, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தேன்.

“நாங்கள் ஏற்கனவே கலியாணம் கட்டின ஆக்கள்தானே?”

“பின்ன?”

“அப்ப இது கலியாணம் இல்லை, கையெழுத்து. கையெழுத்துக்கு மார்கழி என்ன, தை என்ன?”

கத்தி நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “வருசம் முழுக்க வாய் திறக்காத மனிசன், திறந்தா மட்டும் கோட்டில வழக்குப் பேசுற அப்புக்காத்து,” என்று சிரித்தாள். “சரி, வாறன். ஆனா கலியாணக் கூறை கட்டமாட்டன். அது ஒருக்காத்தான்.”

நீலச் சீலைக்கு மேல் குளிர் அங்கி போட்டுக்கொண்டு வந்தாள். பதிவாளர் ஒரு பெண். எங்களை உட்காரவைத்து, புது வாழ்க்கையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். மனைவி தன் ஜெர்மனில் இடைமறித்தாள். “எங்களுக்குக் கலியாணம் எப்பவோ முடிஞ்சுது. நீங்கள்தான் இன்னும் எழுதேல்லை.”

பதிவாளர் பேனையை வைத்தார். அவளைப் பார்த்தார், கழுத்தில் கிடந்த தாலிக்கொடியைப் பார்த்தார். “நல்லது. அப்படியென்றால் எழுதிவிடுவோம்,” என்றார்.

ஆனாலும் முறைப்படி கேட்கத்தான் வேண்டும் என்று எழுந்து நின்றார். முதலில் என்னைக் கேட்டார். என் குரல் வெளியே வரவில்லை, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, இவரைக் கணவராக ஏற்கச் சம்மதமா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு மண்டபத்தில் அவளிடம் இதை யாருமே கேட்கவில்லை. மேளம் கொட்டியது, நான் தாலியைக் கட்டினேன், அவ்வளவுதான். இவ்வளவு காலம் என்னோடு வாழ்ந்தவள் என்ன சொல்லப்போகிறாள் என்று, அன்றுதான் பெண் பார்க்க வந்தவனைப்போல் காத்திருந்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த அறை முழுக்கக் கேட்க, சம்மதம் என்றாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வசந்தத்தில் கீழ்வீட்டுப் பிள்ளை கணினியோடு எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

“அன்ரி, இப்ப நீங்கள் ரெண்டு பேரும்தான் சொல்லவேணும். சேர்த்தோ, தனித்தனியவோ?”

“சேர்த்தா, போன வருசம் முழுக்கவும் சேர்த்தியோ?”

“முழுக்கவும்தான்.”

“மாசியில ரெண்டு கிழமை என்னோட கதைக்காமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சவர். அதுவும் சேர்த்தியோ?”

“அதுவும் சேர்த்திதான் அன்ரி.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மேசை விரிப்பைப் பார்த்தேன்.

“அப்ப சேர்த்தே போடு, பிள்ளை.”